வெளுக்காத கைத்துண்டு

எங்கள் லாண்டரியில் காலை நேரத்தில் யாருக்கும் முகம் கிடையாது. கொதிகலன் மூச்சுவிட ஆரம்பித்ததும் ஆவி எழுந்து கூரைவரை நிறைந்துவிடும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் அதில் பட்டு, அறை முழுக்கப் பால் கலந்த வெளிச்சமாகிவிடும். அதற்குள் இங்கொரு கை தெரியும், அங்கொரு படுக்கை விரிப்பு மிதந்துபோகும், யாரோ இருமுவது கேட்கும். நான் அங்கே துணிக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்கிறவன். அதனால் என் பெயரே கஞ்சி என்று ஆகிவிட்டது. கோபம் வந்தால் என் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். அவளுக்கு அடிக்கடி கோபம் வரும்.

அந்த ஆவிக்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும் ஓயாமல் வந்துகொண்டிருக்கும்.

"பையைப் பாரு! பையைப் பார்த்தியா? பார்க்காம மெஷின்ல போட்டே, தோலை உரிச்சிடுவேன்!"

அதுதான் கறை அக்கா. கறை எடுப்பது அவள் வேலை. ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர், மைக்கு ஸ்பிரிட், எண்ணெய்க்கு மாவுத்தூள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வைத்தியம் வைத்திருந்தாள். "எடுத்த எடுப்பிலே சூடு காட்டாதே. சூடு பட்டா கறை வீட்டோட மாப்பிள்ளை ஆயிடும், அப்புறம் எந்திரிச்சுப் போகாது" என்பாள். துணி மெஷினுக்குள் போகும் முன் பைகளைத் துழாவ வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் சட்டம். மறந்துபோன ஒரு பேனா போதும், ஒரு ஓட்டலின் மொத்த விரிப்பும் நீலமாகிவிடும். அக்காவின் கையில் சீப்பு, சாவி, பாதி கடித்த மிட்டாய் எல்லாம் சிக்கியிருக்கின்றன. ஒருமுறை ஒரு பெரிய மனிதரின் பல்செட்டே சிக்கியது. அவர் அதைத் தேடி வந்து பேச முடியாமல் நின்றதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் அவளோடு பழகுவது பாகற்காய் தின்கிற மாதிரி. மனிதர்களிடமும் அவளுக்கு முதலில் கறைதான் தெரியும். யார் எப்போது பொய் சொன்னான், யார் எந்த வருஷம் லீவு போட்டு ஏமாற்றினான் என்பதெல்லாம் அவளுக்கு மறக்காது. என் மகள் பிறந்த அன்றைக்கு நான் இனிப்போடு போய் நின்றேன். "சட்டைக் காலர்ல அழுக்கு" என்றாள். அப்புறம்தான் இனிப்பை எடுத்துக்கொண்டாள்.

அவளைப் பிறவிக் கடுகடுப்பு என்று சொல்லிவிட முடியாது. அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மா அச்சகத்தில் காகிதம் மடித்து வீட்டை ஓட்டினாள். அக்கா படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு லாண்டரிக்கு வந்தது தங்கைக்காக. அந்தத் தங்கையை எல்லாருமே சின்னவள் என்றுதான் சொல்வோம். அக்கா அவளுக்குத் தலை வாரி, ஷூ மாட்டி, பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு ஓட்டமாக வேலைக்கு வருவாள். சாயங்காலம் சின்னவள் இங்கேயே வந்து சுடச்சுட அடுக்கியிருக்கும் விரிப்புகளுக்கு நடுவில் தூங்கிப்போவாள். விரிப்புகளை எண்ணி எடுக்க வருகிறவர்கள் ஒரு பிள்ளையையும் சேர்த்து எண்ண வேண்டியிருக்கும்.

அந்தப் பிள்ளை வளர்ந்து குடியில் விழுந்தது. எப்போது, எதனால் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அக்கா கெஞ்சிப் பார்த்தாள், அடித்துப் பார்த்தாள், அறைக்குள் பூட்டிப் பார்த்தாள். அம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல் சின்னவளுக்குச் சாப்பாடு எடுத்துவைத்துக் காத்திருப்பாள்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில் இருவரும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். பகலில் அக்கா, பொழுது சாய்ந்தால் சின்னவள். அன்றைக்கு நல்ல மழை. சின்னவள் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிற வழியில் மழைக்கு என்று ஒரு மதுக்கடைக்குள் ஒதுங்கியவள், மழை விட்டும் வெளியே வரவில்லை. அம்மா வாசலையே பார்த்தபடி போய்ச் சேர்ந்தாள். மறுநாள் சின்னவள் தட்டுத்தடுமாறி வந்து நின்றபோது கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்கள்.

"இனிமே எனக்குத் தங்கச்சி கிடையாது" என்றாள் அக்கா.

"அம்மா ஏதாவது சொன்னாங்களாக்கா?" என்று மட்டும் கேட்டாள் சின்னவள்.

"ஒண்ணும் சொல்லலை."

வருஷங்கள் ஓடின. சின்னவள் அவ்வப்போது யாரிடமாவது அதே கேள்வியைக் கொடுத்தனுப்புவாள். நானே தூது போயிருக்கிறேன். அம்மா கடைசியாக என்ன சொன்னாள்? அக்கா தலையை நிமிர்த்தாமல், "ஒண்ணும் சொல்லலைன்னு சொல்லு" என்பாள். அந்த நேரத்தில் அவள் கை தன் ஏப்ரன் பையைத் தொட்டுக்கொள்ளும். பையில் என்னமோ வைத்திருந்தாள். தினமும் அழுக்கு ஏப்ரனைக் கழற்றியதும் முதல் காரியமாக அதை எடுத்துச் சலவை ஏப்ரனின் பைக்கு மாற்றிக்கொள்வாள். மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணி என்று நான் நினைத்திருந்தேன்.

பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன சர்ச். அம்மாவின் காலத்தில் மூவரும் போய்க்கொண்டிருந்த இடம். அடக்கத்துக்குப் பிறகு அக்கா அங்கே கால் வைக்கவில்லை. ஏன் என்று நான் ஒருமுறை கேட்டுத்தொலைத்தேன்.

"அங்க யார் வந்தாலும் மன்னிச்சுடுறாங்கடா. எனக்கு அது பிடிக்கலை" என்றாள்.

எனக்கு அதில் அபிப்பிராயம் சொல்ல அருகதை இல்லை. நான் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் சர்ச்சுக்குப் போகிற ரகம்.

அந்த சர்ச்சுக்குத்தான் சின்னவள் திரும்பிப் போனாள். போதகரின் மனைவி அவளை மதுக்கடை வாசலில் பார்த்துக் கையைப் பிடித்து அழைத்துப்போனதாகச் சொன்னார்கள். முதலில் யாரும் நம்பவில்லை. விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள், மறுபடி எழுந்தாள். பிறகு விழவில்லை. ஒரு ரொட்டிக் கடையில் மாவு பிசைகிற வேலையில் சேர்ந்தாள். காலையில் நான் வேலைக்கு வரும்போது புருவமெல்லாம் மாவோடு எதிரே வந்து சிரிப்பாள். அந்தக் காலத்தில் விரிப்புகளுக்கு நடுவில் தூங்கிய அதே முகம்.

ஒரு நாள் காலை ஆவி இன்னும் கலையாத நேரம். எங்கள் கவுண்டர் ஜன்னலுக்கு வெளியே ஒருத்தி வெள்ளை மூட்டையோடு நின்றாள். கனவில் வருகிறவர்கள் இப்படித்தான் சொல்லாமல் வந்து நிற்பார்கள். ஆவி கொஞ்சம் விலகியதும் பார்த்தால், சின்னவள். அக்கா உள்ளே கையில் பிரஷ்ஷோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"ஞானஸ்நான அங்கிங்க. ஞாயித்துக்கிழமைக்கு வேணும்" என்று மூட்டையை வைத்தாள் சின்னவள். "நானும் எடுக்கறேன்கா."

அந்த சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஞானஸ்நானத் தொட்டியில் முழுக்கு முடிந்து படியில் ஏறி வருகிறவரை, அவருடைய ஆள் ஒருத்தர் மேல்படியில் துண்டை விரித்து வாங்கிக்கொள்வார். அப்பாவோ, மனைவியோ, கூடப்பிறந்தவரோ. யாரும் இல்லாதவர்களுக்குப் போதகரின் மனைவி நிற்பார்.

"நீ துண்டு பிடிக்க வர்றியாக்கா?" என்று கேட்டாள் சின்னவள்.

"துணி எப்ப வேணும்?"

"சனிக்கிழமை சாயங்காலம்."

"கெடைக்கும். போ."

அவ்வளவுதான். பிறகு ஆவி மறுபடி ஜன்னலை மூடியது. துடைத்துப் பார்த்தபோது தெருதான் இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "என்னக்கா, கல்லா நீங்க? ஒரு துண்டு. அதைப் பிடிச்சா கை தேஞ்சா போயிடும்?" என்றேன்.

"உன் வேலையைப் பாருடா கஞ்சி."

சனிக்கிழமை மதியத்தோடு எங்களுக்கு வேலை முடிந்துவிடும். மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். அங்கிகளைக் கடைசியில் தனியாக வெளுப்பதென்று அக்கா ஒதுக்கிவைத்திருந்தாள். கழுத்துப் பட்டியிலும் கீழ் விளிம்பிலும் ஒவ்வொன்றாகக் கையால் தேய்த்தாள். "அவ போடப்போற துணியில ஒரு பொட்டுக் கறை இருந்துச்சுன்னு யாரும் என்னைச் சொல்லக் கூடாது" என்று முணுமுணுத்தாள். அன்பா, வீம்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. மெஷினில் போட்டபோது பாரம் போதவில்லை. பாரம் குறைந்தால் டிரம் ஒரு பக்கம் சாய்ந்து தடதடவென்று இடிக்கும். அக்கா எதையோ நினைத்துக்கொண்டே தன் வெள்ளை ஏப்ரனைக் கழற்றி உள்ளே எறிந்து கதவை மூடினாள். வெந்நீர் பாய்ந்தது.

நான் நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டேன். அந்த நேரத்து லாண்டரி தூக்கத்துக்கென்றே கட்டியது மாதிரி இருக்கும். மெஷின் ஒன்று மட்டும் ஓட, வெயில் சுவரில் தண்ணீராக அலையும். கண்ணைத் திறந்தபோது அக்கா மெஷினின் வட்டக் கண்ணாடிக்கு முன்னால் மண்டியிட்டிருந்தாள். ஜெபம் பண்ணுகிறாளோ என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். கண்ணாடிக்குள் நுரை ரோஸ் நிறத்தில் சுழன்றுகொண்டிருந்தது.

ஊரார் பையையெல்லாம் துழாவியவள் தன் பையைப் பார்க்கவில்லை.

மெஷினை நிறுத்தித் தண்ணீரை வடித்து, கதவைத் திறந்து ஏப்ரனை இழுத்து, பைக்குள் கையை விட்டாள். சுருண்டு வந்தது ஒரு சின்னக் கைத்துண்டு. ஒரு காலத்தில் நல்ல சிவப்பாக இருந்திருக்க வேண்டும். சிவப்பில் பாதி இப்போது அங்கிகளில் இருந்தது.

"என்னக்கா இது?"

"அம்மாது. ஆஸ்பத்திரிக்குன்னு புதுசா வாங்கினது."

"இத்தனை வருஷமா வெளுக்கவே இல்லையா?"

அவள் இல்லையென்று தலையசைத்தாள். சாயத் துணியை முதல் தடவை நனைக்கும்போது தனியாக நனைக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலுக்கு நேற்று வந்தவனுக்கும் தெரியும். ஊர்த் துணியையெல்லாம் வெளுத்தவள் இந்த ஒன்றை மட்டும் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்திருக்கிறாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானையைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான், சிரிக்கத் தோன்றவில்லை.

சாயம் எடுக்கிற தூளைப் போட்டு ஒருமுறை அலசினாள். நிறம் கொஞ்சம் இறங்கியது, போகவில்லை. வெந்நீர் பட்டு மாப்பிள்ளை வீட்டோடு தங்கிவிட்டான். "இன்னொரு தடவை போட்டா சாயம் போகாது, துணிதான் போகும்" என்றாள். அங்கிகளை உலர்த்தி எடுத்தபோது விடியற்காலை வானத்தின் ஓரம் மாதிரி மங்கலான ரோஸ். அழகாகத்தான் இருந்தது. ஆனால் வெள்ளை கேட்டவர்களிடம் அழகு என்று சொல்ல முடியுமா?

"நான் போய்ச் சொல்லிட்டு வரேன்கா. மெஷின் கோளாறுன்னு சொல்லிடலாம்."

"என் கையால கெட்டது. என் வாயாலதான் சொல்லணும்" என்று கூடையின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள். மறுபக்கத்தை நான் பிடித்தேன்.

சர்ச்சின் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரோ தண்ணீர் விடும் சத்தம். ஜன்னல் வெளிச்சம் பெஞ்சுகளின் மேல் படுத்திருந்தது. முன்னால் தொட்டிக்குள் இடுப்புவரை இறங்கி ஒருவர் குழாயை முடுக்கிக்கொண்டிருந்தார். போதகர்தான். வார நாட்களில் அவர் பிளம்பர், ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பிரசங்கி. தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அவருக்கு ஸ்பேனர் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள் சின்னவள். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

அக்கா அவளைப் பார்க்கவில்லை. கூடையைக் கீழே வைத்து ஒரு அங்கியை எடுத்து உதறி விரித்துக் காட்டினாள்.

"நான் கெடுத்துட்டேன் பாஸ்டர். என் பையில இருந்த சாயத்துணி. பார்க்காமப் போட்டுட்டேன். எல்லாம் போச்சு. சிவப்பான பாவத்தையும் ஆண்டவர் வெள்ளையாக்குவார்னு நீங்க பிரசங்கம் பண்றீங்க, நான் வெள்ளையைச் சிவப்பாக்கிட்டேன். திட்டுங்க."

போதகர் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு துணியைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு மெல்லப் பரவியது.

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்னம்மா? அதுல வெள்ளை என்ன, ரோஸ் என்ன? நாளைக்கு இதையே போட்டுக்கறோம்."

"அப்படி விட்டுட முடியாது. நான் இதுக்கு என்ன பண்ணணும், சொல்லுங்க."

"ஒண்ணும் பண்ண வேண்டாம்."

"நாலு வார்த்தையாவது திட்டுங்க!" அக்கா கத்தியேவிட்டாள். காலி பெஞ்சுகளில் அந்தக் குரல் மோதித் திரும்பியது. "தப்புன்னா தப்புதானே? யாராவது ஏதாவது சொல்லணும் இல்ல?"

கோபத்தோடு வருகிறவர்களுக்குச் சமாதானம் சொல்லலாம். திட்டச் சொல்லிக் கெஞ்சுகிறவளுக்கு என்ன சொல்வது?

அக்கா சுற்றிலும் பார்த்தாள். பிறகு நேராக மூன்றாவது வரிசையில், ஜன்னலோரத்தில் போய் உட்கார்ந்தாள். அது அவள் அம்மாவின் இடமாம், சின்னவள் என் காதில் சொன்னாள். அக்கா தலையை முன் பெஞ்சின் மேல் சாய்த்துக்கொண்டாள். அவளுக்கு மெதுவாகப் பேசிப் பழக்கம் கிடையாது. அதனால் அவள் சொன்னது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"ஆண்டவரே, எல்லார் பையையும் பார்த்தேன். என் பையை இன்னைக்குத்தான் பார்த்தேன்."

அப்புறம் அழுதாள். அவளுக்கு அழத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சின்னவள் ஓரடி எடுத்துவைத்தாள். போதகர் கண்ணால் வேண்டாம் என்றார். தொட்டியில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வெளிச்சம் ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தது ஞாபகம் இருக்கிறது. அக்கா எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரிடமும் பேசாமல் வெளியே போனாள். சின்னவளைத் தாண்டும்போது மட்டும் நடை கொஞ்சம் தடுமாறியது.

நாளைக்கு வருவாளா என்று சின்னவள் என்னைக் கேட்டாள். என்னத்தைச் சொல்வேன்? "தெரியலைம்மா" என்றேன்.

மறுநாள் நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பியதைப் பார்த்து, "யாருக்குக் கல்யாணம்? யார் செத்தா?" என்று என் மனைவி கேட்டாள். சும்மா ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். சர்ச்சில் கூட்டம். நான் கதவோரமாக நின்றேன். ரோஸ் அங்கிகளில் ஆறு பேர் வரிசையாக நின்றார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. வயசான ஒருவர் மட்டும் அங்கியைத் தடவிப் பார்த்து, "எனக்குக் கல்யாணத்துலகூட இப்படி ஒரு துணி அமையலை" என்றார்.

சபை பாடிக்கொண்டிருக்க, ஒவ்வொருவராக இறங்கினார்கள், மூழ்கினார்கள், ஏறினார்கள். மேல்படியில் துண்டுகள் விரிந்தன, மூடின. அக்காவைக் காணோம். சின்னவளின் முறை வந்தது. போதகரின் மனைவி துண்டை எடுத்துக்கொண்டு மேல்படிக்கு நகர்ந்தார். சின்னவள் இறங்கும் முன் கதவுப் பக்கம் ஒரே ஒரு தடவை பார்த்தாள். தன் பிள்ளை வராதா என்று ஆஸ்பத்திரியில் அம்மா பார்த்ததும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று எனக்குப் பட்டது.

அவள் தண்ணீருக்குள் போன அந்த நொடியில் யாரோ என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். தோள் எலும்பு நோக இடிப்பவள் எங்கள் ஊரிலேயே ஒருத்திதான். மூச்சிரைக்க நடுவழியில் ஓடி, போதகரின் மனைவியின் கையிலிருந்து துண்டை வாங்கினாள். வாங்கினாள் என்ன, பிடுங்கினாள்.

சின்னவள் தண்ணீரிலிருந்து எழுந்தாள். முகத்தில் வழிகிற தண்ணீரில் கண்ணைத் திறக்க முடியாமல், கையைத் துழாவிக்கொண்டு படியேறினாள். யாருடைய கை தன்னைப் பிடித்தது என்று அவளுக்கு முதலில் தெரியவில்லை. அக்கா துண்டால் அவளைச் சுற்றினாள். பிறகு தன் பையிலிருந்து அந்தச் சாயம்போன கைத்துண்டை எடுத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் செய்வது போல அவள் தலையைப் பரபரவென்று துவட்ட ஆரம்பித்தாள். சின்னவள் கண்ணைத் திறந்தாள்.

பாட்டு நின்றிருந்தது. அக்கா தாழ்ந்த குரலில்தான் பேச நினைத்திருப்பாள். கதவோரத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"அம்மா சொன்னாங்கடி. நான்தான் உனக்குச் சொல்லலை. இந்தத் துண்டை என் கையில குடுத்துட்டு, 'சின்னவ மழையில நனைஞ்சுக்கிட்டு வருவா, திட்டாதே, தலையைத் துவட்டி விடு'ன்னு சொன்னாங்க. அதுதான் கடைசியா சொன்னது."

சின்னவள் அக்காவின் கையோடு சேர்த்து அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டாள்.

"லேட்டாயிடுச்சுக்கா."

"வந்துட்டே இல்ல? குனி. காதுக்குப் பின்னாடி இன்னும் ஈரம் இருக்கு."